இடப்பக்க சீட்டுக்கும் ஒரு தேர்வு வையுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. காலை ஐந்தரை மணிக்கு மகாராஜநகரில் முதல் ஆளை ஏற்றுவேன். கடைசி ஆளை என்.ஜி.ஓ. காலனியில் இறக்கிவிடும்போது ராத்திரி எட்டாகிவிடும். இத்தனை வருடத்தில், நான் இடப்பக்க சீட்டில் இருக்க, என் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்களை நான் எண்ணி வைக்கவில்லை. ஆனால் முதல் வருடம் வந்த ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 48. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற காரை விற்க மனமில்லாமல், நாமே ஓட்டப் பழகிவிடலாம் என்று வந்தார். ஒன்பதாம் நாள் வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவை நெருங்கிக்கொண்டிருந்தோம். இடது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் குறுக்கே வந்தார். நான் "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். ஆசிரியை ஓங்கி மிதித்தார். மிதித்தது ஆக்ஸிலேட்டரை. பயிற்சியாளருக்கென்று என் பக்கமும் இருக்கும் பிரேக்கை நான் அழுத்தி வண்டி நிற்பதற்குள் பம்பர் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டது. பெரியவர் கீழே விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு. கடவுள் புண்ணியத்தில் அதோடு போயிற்று. ஆசிரியை ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கு இது வராதும்மா" என்று அழுதார். மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. காரை விற்றுவிட்டார் என்று சில மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு எல்லோரும் அவர் மேல்தான் தப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு என்னுடையது என்று விளங்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

திடீரென்று ஒரு சத்தம் கேட்டால், புதிதாக ஓட்டுபவரின் கால் எந்தப் பெடலின் மேல் இருக்கிறதோ அதைத்தான் அழுத்தும். எதை மிதிக்கிறோம் என்று பார்த்து மிதிக்க அந்த நேரத்தில் அவருக்கு முடியாது. முப்பது கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகர்கிறது. நான் சொல்வதைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, காலை எடுத்து மாற்றி வைக்கப் புதியவருக்கு நாலைந்து விநாடி வேண்டும். அப்படியென்றால் நான் நாற்பது மீட்டருக்கு முன்னாலேயே, சாதாரணக் குரலில், "காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் வையுங்க, அழுத்த வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ரவுண்டானா வருகிறது என்றாலே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிள் வந்த பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் என் கால்தான் வேலை செய்ய வேண்டும், வாய் அல்ல. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்று கார் ஓட்டிக்கொண்டிருப்பார்.

யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. இன்று வரைக்கும் இல்லை. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பயிற்சியாளர்களுக்கும் ஒரு படிப்பும் தேர்வும் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பயிற்சியாளர் ஆன கதை சின்னதுதான். பத்தாம் வகுப்பு பாஸ். கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வருடம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். டிரைவிங் ஸ்கூலில் வேலை கேட்டபோது, மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் ஏறும் என்றார்கள். அதற்காகச் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முழுக்கப் பையன்கள், நான் ஒருத்திதான் பெண். கார்பரேட்டரைப் பிரித்து மாட்டினேன். பிஸ்டன் ரிங்கைக் கழற்றினேன். அந்தப் படிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கே.டி.சி. நகர் பக்கம் வண்டி நின்றுபோனால் ஃபியூஸா பேட்டரியா என்று இன்றைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சான்றிதழோடு போய் நின்ற முதல் நாள், முதலாளி சாவியைக் கையில் கொடுத்து, "உனக்கு ஓட்டத் தெரியும்ல? அத அப்படியே சொல்லிக் குடு" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

அது தப்பான வார்த்தை என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு, தான் எப்படி ஓட்டுகிறோம் என்பது மறந்துபோயிருக்கும். கிளட்சை எந்த இடத்தில் விடுகிறீர்கள் என்று பத்து வருடம் ஓட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள். காலை அசைத்துப் பார்க்காமல் அவரால் பதில் சொல்ல முடியாது. காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல வைப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. மீதிப் பாதி, கற்க வந்தவரின் பயத்தைப் படிப்பது.

விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-வது விதி டிரைவிங் ஸ்கூல் உரிமம் பற்றியது. பயிற்சியாளர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஐந்து வருடம் வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும். மோட்டார் மெக்கானிக் சான்றிதழோ அதற்கு மேற்பட்ட படிப்போ வேண்டும். போக்குவரத்துச் சின்னங்கள், சாலை விதிமுறைகள் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டி விளக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலமோ வட்டார மொழியோ போதுமான அளவு தெரிய வேண்டும். இவ்வளவும் நியாயமானவைதான். ஆனால் விளக்கத் தெரிய வேண்டும் என்று அந்த விதி கேட்பது பாகங்களை மட்டும். பயந்து நடுங்கும் ஒரு ஆளை எப்படி மூன்றாவது கியர் வரைக்கும் கொண்டுபோவது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அது எழுதப்பட்ட காலத்தில் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு டிரைவர் என்றால் வழியில் வண்டி நின்றால் சரிசெய்யத் தெரிந்தவர் என்று அர்த்தம். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அதையே தொழிலாகச் செய்யப்போகிறவர்கள். இன்றைக்கு என்னிடம் வருபவர்கள் வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் மகனால் வர முடியாததால் ஆஸ்பத்திரிக்குத் தாங்களே போக வேண்டியிருக்கும் அறுபது வயதுக்காரர்கள். என் வண்டியில் கார்பரேட்டரே கிடையாது. அடுத்து நான் வாங்கப்போகும் மின்சாரக் காரில் கிளட்சும் கிடையாது. வண்டிகள் மாறிவிட்டன, கற்க வருபவர்களும் மாறிவிட்டார்கள். பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்கும் தகுதி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதே விதிகளில் பழகுநர் வண்டியில் மாட்டும் எல் போர்டுக்கு எவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறது பாருங்கள். பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். வெள்ளையில் சிவப்பு. பின்னால் வருபவர் தூரத்திலிருந்தே பார்த்து ஒதுங்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து அளந்திருக்கிறார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் அந்த போர்டு மாட்டிய வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் எங்கள் மேலும் விழ வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

என் சித்தி மகள் லண்டனில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே டிரைவிங் பயிற்சியாளர் ஆவதற்குப் படித்தபோது வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். ஒரே வேலை என்பதால் எங்களுக்குள் பேச்சு நிற்காது. அங்கே மூன்று கட்டத் தேர்வு. முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 85 சரியாக இருக்க வேண்டும். அதோடு திரையில் ஓடும் சாலைக் காட்சிகளைப் பார்த்து ஆபத்து உருவாகும் நேரத்தைப் பிடிக்கும் தேர்வு. அதில் 75-க்கு 57 வேண்டும். இரண்டாவது கட்டம் அவரே ஓட்டிக்காட்டுவது. ஒரு மணி நேர ஓட்டத்தில் சின்னத் தவறுகள் ஆறுக்கு மேல் போனால் தோல்வி.

மூன்றாவது கட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். உண்மையான ஒரு பழகுநரை ஓட்டவைத்து அவர் பாடம் நடத்த வேண்டும். தேர்வாளர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். முன்னெல்லாம் தேர்வாளரே பழகுநர்போல நடிப்பாராம். 2017 டிசம்பரிலிருந்து அது மாறிவிட்டது. பாடத்தைத் திட்டமிட்ட விதம், ஆபத்தைக் கையாண்ட விதம், கற்றுக்கொடுத்த விதம் என்று மூன்று பகுதிகளில் 17 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் வரை. மொத்தம் 51, தேற 31 வேண்டும். ஆபத்தைக் கையாளும் பகுதியில் ஏழோ அதற்குக் குறைவாகவோ வாங்கினால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேற முடியாது. இரண்டாவது, மூன்றாவது கட்டங்களுக்கு மூன்று வாய்ப்புகள்தான். தேறிய பிறகும் நாலு வருடத்துக்குள் ஒருமுறையாவது இன்னொரு தேர்வாளர் வந்து பின்சீட்டில் உட்காருவார்.

சித்தி மகளின் கணவர் மூன்றாவது கட்டத்தில் முதல் தடவை தோற்றார். என்ன காரணம் என்று கேட்டேன். "பழகுநர் செய்த தப்பைச் சொன்னேன், ஏன் செய்தார் என்று கேட்கவில்லையாம்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை யாரிடமும் ஏன் என்று நான் கேட்டதே இல்லை. வண்டி இடது பக்கம் ஒதுங்கினால் "நேரா, நேரா" என்பேன். மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். "எக்கா, நான் பானட்டு நுனியத்தான பாக்கேன்" என்று ஒரு பெண் சொன்னாள். ஒரே விநாடியில் விளங்கிவிட்டது. பார்வை கிட்டத்தில் நின்றால் கை பதறும், தூரத்தில் போனால் வண்டி தானாக நேரே போகும். "அந்தா தெரியிற வேப்பமரத்தைப் பாரு தாயி" என்றேன். அவளுக்கு அந்த வாரமே சரியாகிவிட்டது. அதற்குமுன் எத்தனை பேரிடம் மூன்று வாரம் "நேரா, நேரா" என்று கத்தியிருக்கிறேன்.

அங்கே இருக்கும் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஆகும் செலவை எங்களால் தாங்க முடியாது. எனக்கு வேண்டியது அந்தப் பின்சீட் மட்டும்தான்.

இங்கே வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதால் வரும் கேடு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வண்டிகளில் டபுள் கண்ட்ரோல் உண்டு. என் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவசரத்துக்காக வைத்தது. ஆனால் பல இடங்களில் அதை வைத்துப் பயிற்சியாளரே வண்டியை ஓட்டிவிடுகிறார். பழகுநர் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருப்பார். மூன்றாம் நாளே மெயின் ரோட்டில் வண்டி குலுங்காமல் ஓடும். அவருக்குச் சந்தோஷம், வீட்டில் போய் "நான் ஜங்ஷன் வரைக்கும் ஓட்டினேன்" என்பார். ஓட்டியது இடப்பக்கத்துக் கால். அடுத்த ஆள் காத்திருக்கிறார், வண்டி நடுரோட்டில் ஆஃப் ஆனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கொல்வார்கள், அதனால் பயிற்சியாளருக்கும் இதுதான் வசதி. இருபத்தோராம் நாள் முடிந்து சொந்தக் காரில் உட்காரும்போது அந்தப் பழகுநருக்கு, கிளட்சைப் பாதி விடும்போது வண்டி நகர ஆரம்பிக்கும் அந்த ஹாஃப் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்றே தெரிந்திருக்காது. உரிமத் தேர்வைப் பற்றிய 15-வது விதி, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுக்கத் தெரிய வேண்டும் என்கிறது. திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நெரிசலில் நின்று பாருங்கள். முன்னால் நிற்கும் கார் பின்னால் உருண்டு வரும்போதெல்லாம், இவருக்குச் சொல்லிக்கொடுத்தது யாரோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

சட்டப்படி சாதாரண காருக்கு 21 நாள் பயிற்சி, அதில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. கணக்குப் பார்த்தால் நாளுக்கு அரை மணி நேரம்கூட வராது. அந்த அரை மணியிலும் வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டவிட்டால் என்ன மிஞ்சும்? யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று ஸ்கூலில் எழுதிவைக்கும் படிவம் 15 பதிவேட்டில் எல்லோருக்கும் முழு மணிக்கணக்கு எழுதி, பயிற்சியாளர், பழகுநர் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். இருக்கிற நேரமே குறைவு என்பதால்தான் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஸ்கூலிலிருந்து விலகி ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வேலையாக அங்கே போனேன். சுவரில் இன்னும் என் சான்றிதழ் நகல் மாட்டியிருந்தது. உரிமத்தில் பயிற்சியாளராக என் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வண்டியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் இருபத்திரண்டு வயதுப் பையன். நல்ல பையன், நன்றாகவும் ஓட்டுவான். அவனை நான் குற்றம் சொல்லவில்லை. சான்றிதழ் என்பது சுவரில் மாட்டும் பொருள் என்று ஆனதற்குக் காரணம், அது இருக்கும் ஆளும் இல்லாத ஆளும் வண்டிக்குள் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரியும். அந்தக் காகிதத்தால் சொல்லிக்கொடுப்பதில் ஒரு வித்தியாசம் வந்தால்தான் அதற்கு மதிப்பு வரும்.

எங்களைப் போன்ற டிரைவிங் ஸ்கூல்கள் போக, 2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென்று தனியாக விதிகள் வந்திருக்கின்றன. அதில் நல்ல விஷயங்கள் உண்டு. இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பாடம், அதில் எட்டு மணி வகுப்பறை, 21 மணி ஓட்டம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. அப்படியென்றால் அங்கே சொல்லிக்கொடுப்பவர் மேல் எவ்வளவு பெரிய பொறுப்பு விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சியாளருக்கான படிப்புத் தகுதி அங்கே பன்னிரண்டாம் வகுப்பாக உயர்ந்திருக்கிறது, ஐந்து வருட ஓட்டுநர் அனுபவம் அப்படியே இருக்கிறது. இதனால் என்ன ஆகிறது? எங்கள் ஊரில் இருபத்தைந்து வருடம் ஆயிரம் பேருக்கு மேல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவருக்கு அங்கே இடமில்லை. பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் டாக்ஸி ஓட்டியவருக்கு இடம் உண்டு, அவருக்குப் பொறுமை இருக்கிறதா என்று யாரும் பார்க்காமலேயே. பள்ளிச் சான்றிதழை ஒரு படி ஏற்றுவது சுலபம். கற்றுக்கொடுக்கும் திறமையைப் பார்ப்பதுதான் கடினம். நீங்கள் கடினமானதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார் கற்க வரும் பெண்கள் "லேடி டிரெய்னர் இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் ஒருத்தி காலையிலிருந்து ராத்திரி வரை ஓடியும் காத்திருப்புப் பட்டியல் தீர்வதில்லை. ஏன் கேட்கிறார்கள் என்று என்னிடம் மனம்விட்டுச் சொல்வார்கள். கியர் மாற்றும்போது கை மேல் கை வைப்பது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறேன் என்று மேலே சாய்வது, "பொம்பளைக்கு எதுக்குக் கார்" என்று பேசுவது. கெட்ட எண்ணத்தோடு செய்பவர்களும் உண்டு. எங்கே கை வைக்கக் கூடாது, தொட வேண்டியிருந்தால் முதலில் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால் செய்பவர்களும் உண்டு. இது ஒரு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம். அந்த ஒரு நாள் வகுப்பு எங்கேயும் கிடையாது. அப்புறம், பயிற்சியாளர் ஆக ஆசைப்படும் பெண்களுக்கு மெக்கானிக் சான்றிதழ் பெரிய சுவராக நிற்கிறது. ஐ.டி.ஐ.யில் அந்தப் படிப்பு இரண்டு வருடம். குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண், அதுவும் பத்து வருடமாகக் கார் ஓட்டும் பெண், டயர் மாற்றவும் எண்ணெய் பார்க்கவும் எச்சரிக்கை விளக்குகளைப் படிக்கவும் தெரிந்தால் போதாதா? இன்ஜினை இறக்கி ஏற்றத் தெரிந்துதான் ஆக வேண்டுமா?

சரி, என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதை எழுதுகிறேன். நானும் என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பேசியது இது.

பயிற்சியாளருக்கென்று ஆறு வாரப் படிப்பு ஒன்று வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் அரசு ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ காலை அல்லது சாயங்கால வகுப்பாக நடத்தலாம். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது, கனரக வாகனம் ஓட்டச் சொல்லித்தருவதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. மாவட்ட ஆசிரியர்களை அங்கே உருவாக்கி அனுப்பலாம். திருநெல்வேலியிலிருந்து ஒவ்வொருவரும் கும்மிடிப்பூண்டிக்குப் போக முடியாது, வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தப் படிப்பில் பாதி நேரம் வண்டிக்குள் இருக்க வேண்டும். முதலில், அனுபவமுள்ள பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது. அப்புறம், தான் ஓட்டிக்கொண்டே தான் பார்ப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்வது. இது கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். "முன்னால் ஆட்டோ, பிரேக் லைட் எரிகிறது, இடது பக்கம் பள்ளிக்கூடம் விடும் நேரம், நான் வேகத்தைக் குறைக்கிறேன்" என்று பத்து நிமிடம் விடாமல் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை என்னால் மூன்று நிமிடம்கூட முடியவில்லை. இதைப் பழகியவரால்தான் நாற்பது மீட்டருக்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியும். பிறகு, முன்கண்ணாடியில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டி, பழகுநரின் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கப் பழகுவது. இந்தக் கண்ணாடியை நான் கடையில் கொஞ்சக் காசுக்கு வாங்கி ஒட்டினேன். என் வேலையை அதைப்போல மாற்றிய கருவி வேறெதுவும் இல்லை. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று கற்பது, டபுள் கண்ட்ரோலை எப்போது தொடலாம், எப்போது கூடாது என்று கற்பது, தொட்டால் "இப்போது நான்தான் பிடித்தேன்" என்று பழகுநரிடம் சொல்லிவிடுவது. 2017-ல் வந்த மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளை வரி வரியாகப் படிப்பது. எங்களில் பலர் இன்னும் அதற்கு முந்தைய 1989 ஒழுங்குமுறைகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். முதலுதவி. மெக்கானிக் பாடமும் இருக்கட்டும், இன்றைய வண்டிக்கு வேண்டிய அளவு.

முடிவில் தேர்வு. உண்மையான பழகுநர் ஓட்ட வேண்டும், பின்சீட்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரும் மூத்த பயிற்சியாளர் ஒருவரும் உட்கார வேண்டும். தோற்றவருக்கு ஏன் தோற்றார் என்று எழுதித்தர வேண்டும். தேறியவருக்குப் படம் போட்ட அடையாள அட்டை கொடுத்து, அதை வண்டியின் முன்கண்ணாடியில் வெளியே தெரியும்படி வைக்கச் சொல்ல வேண்டும். அப்போது யாருடைய சான்றிதழும் சுவரில் தொங்கி யாருக்கும் பயன்படாது. ஸ்கூல் உரிமம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, அப்போதே பயிற்சியாளரையும் ஒரு பாடம் நடத்தவிட்டுப் பார்த்துவிடலாம்.

விதியைத் திருத்துவது ஒன்றிய அரசின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் படிப்பைத் தொடங்க மாநிலம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டாயமில்லாத படிப்பாகவே தொடங்குங்கள். அட்டை வைத்திருப்பவரிடம் போவதா இல்லாதவரிடம் போவதா என்று மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதைப் படிக்கும் என் சக பயிற்சியாளர்களுக்குப் பயம் வரும் என்று தெரியும். இத்தனை வருடம் செய்த வேலைக்கு இப்போது பரீட்சையா என்று கேட்பார்கள். 1989 விதிகள் வந்தபோது, அதற்கு முன்பே ஐந்து வருடம் பயிற்சியாளராக இருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். இந்தத் தடவை முழு விலக்கு வேண்டாம் என்பது என் கருத்து, அது எனக்கும் சேர்த்துத்தான். பழைய ஆட்களுக்கு ஆறு வாரத்துக்குப் பதில் பத்து நாள் வையுங்கள். பத்தாம் வகுப்பு போதும் என்று வையுங்கள். ஆனால் அந்தப் பத்து நாளுக்கான கூலியை ஈடுகட்டுங்கள். எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு நாள் வண்டி எடுக்காவிட்டால் அந்த நாளுக்கு வருமானம் இல்லை. இதைக் கவனிக்காமல் எந்தத் திட்டம் போட்டாலும் அது படிவம் 15-ஐப் போலக் காகிதத்தில்தான் நடக்கும்.

உங்கள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம், 64,105. இத்தனைக்கும் காரணம் நாங்கள்தான் என்று சொல்லவில்லை. ரோடு, வேகம், குடி, தூக்கமில்லாமல் ஓட்டும் லாரிக்காரர் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஸ்கூலில் கற்ற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் எங்களில் ஒருவரின் வலப்பக்கம் உட்கார்ந்துதான் முதல் கியர் போட்டிருக்கிறார். கண்ணாடியைப் பார்க்கும் பழக்கமோ பார்க்காத பழக்கமோ அங்கே வந்ததுதான்.

இந்த மடலோடு 14 பக்கக் கையெழுத்துப் படி ஒன்றை இணைத்து ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். நாங்கள் நாலு பேரும் எழுதிய பாடத்திட்டம் அது. ஏற்றத்தில் வண்டி எடுக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று மட்டும் இரண்டு பக்கம் போயிருக்கிறது, எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகாததால் இரண்டு முறையையும் எழுதியிருக்கிறோம். ஆறாம் பக்கத்தில், காது கேளாத பழகுநருக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய பகுதியைக் காலியாக விட்டிருக்கிறோம். எங்களில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை. அதைச் செய்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளர்